இராட்சத இயந்திரமும் ஒரு சிறுவனின் குரலும்

முன்னுரை

‘அனிமே’ எனப்படும் ஜப்பானிய அசைபடங்களில் இளைஞர் மூழ்கிக் கிடப்பதைக் கண்டு பெரியோர் வருந்துவது இன்று வீடுதோறும் காணும் காட்சி. பொம்மைப் படத்தில் கற்பதற்கு என்ன உண்டு என்பது அவர்கள் வினா. அவ்வினாவிற்கு விடை காணும் நோக்கில் ‘ஜயன்ட் ரோபோ’ என்னும் தொடர் குறித்து என் கருத்தை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

தொலைக்காட்சியில் கண்ட ரோபோ

இப்பெயர் நம் தலைமுறைக்குப் புதியதன்று. எண்பதுகளில் தூர்தர்ஷன் இதன் பழைய வடிவத்தை ஒளிபரப்பியது. அஃது அசைபடம் அன்று. நடிகர்கள் நடித்த தொடர். மிட்சுதெரு யோகோயாமா என்னும் ஓவியர் படைத்த கதை, 1967-68ஆம் ஆண்டுகளில் ஜப்பானில் 26 பகுதிகளாக வெளிவந்தது. கைக்கடிகாரத்தில் பேசும் சிறுவன் ஒருவனின் குரலுக்கு மட்டுமே அந்த இராட்சத இயந்திரம் பணியும். கடத்தூரில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகள் அந்நாளில் மிகச் சில. அவ்வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் நெருக்கியடித்து அமர்ந்து பார்த்த நாங்கள், மறுநாள் வெறும் மணிக்கட்டை வாயருகே வைத்துக் கட்டளையிட்டுத் திரிந்தோம்.

அத்தொடரின் இறுதிக் காட்சி இன்றும் நெஞ்சில் நிற்கிறது. உலகைக் காக்கப் பகைவனைத் தூக்கிக்கொண்டு விண்ணிற் பறந்த ரோபோ, திரும்பி வருமாறு சிறுவன் கதறியும் கேளாமல் தன்னையே அழித்துக்கொண்டது. அதுவரை ஏவலை மட்டுமே அறிந்திருந்த இயந்திரம் ஏவலை மீறிய அந்தக் கணத்தில் அழாத சிறுவர் எங்களுள் இலர்.

அசைபட வடிவம்

அதே கதைக்கருவைக் கொண்டு யசுஹிரோ இமகாவா இயக்கிய அசைபடம் 1992 முதல் 1998 வரை ஏழு பகுதிகளாக வெளிவந்தது. ‘பூமி அசைவற்று நின்ற நாள்’ என்பது அதன் துணைத்தலைப்பு. மாசற்ற புதிய ஆற்றல் ஒன்றைக் கண்டுபிடித்த உலகம், எண்ணெயையும் அணுவையும் கைவிட்டு அதையே முற்றும் சார்ந்து வாழ்கிறது. அணு ஆற்றலில் இயங்கும் ரோபோ அவ்வுலகில் ஒரு பழம்பொருள். ஆயினும் புதிய ஆற்றலில் மறைந்திருந்த கேடு வெளிப்பட்டு ஏனைய இயந்திரங்கள் செயலற்று நிற்கும்போது, அந்தப் பழம்பொருளே துணையாகிறது. 1945இல் இரண்டு நகரங்களை அணுகுண்டுக்குப் பலிகொடுத்த நாட்டில் இவ்வாறு ஒரு கதை பிறந்தது எண்ணிப் பார்க்கத் தக்கது. யோகோயாமா 1934இல் கோபே நகரில் பிறந்து, போர்க்காலத்தில் வளர்ந்தவர் என்பதும் நினைவிற்கு உரியது.

இரு மைந்தர்

இத்தொடரின் உயிர்நாடி போர்க்காட்சிகளில் இல்லை. இரு மைந்தரின் கதையில் இருக்கிறது. ஒருவன் சிறுவன் தைசாகு. அவன் தந்தை ரோபோவை அவனிடம் ஒப்படைத்து இறக்கிறார். தியாகம் இன்றி மனிதன் இன்பம் எய்த முடியுமா என்னும் வினாவையும் அவர் விட்டுச் செல்கிறார். மற்றவன் கென்யா. ஆற்றல் ஆய்வில் நேர்ந்த பேரழிவுக்கு உலகம் அவன் தந்தையைப் பழித்தது. உண்மையில் அவ்வாய்வைத் தடுக்க முயன்றவர் அவரே. இறக்கும் தறுவாயில் அவர் விட்டுச் சென்றது, குறையைச் சீர்செய்யும் வழி. மகனோ அதனைப் பழிவாங்கும் ஆணையெனப் பிறழ உணர்ந்து உலகையே நடுங்கச் செய்கிறான். உண்மை வெளிப்படும்போது காலம் கடந்துவிடுகிறது.

இவ்விடத்தில் சீவக சிந்தாமணி நினைவுக்கு வருகிறது. சச்சந்த மன்னன், கருவுற்ற விசயையை மயிற்பொறியில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தான் போரிட்டு மடிந்தான். அப்பொறி இறங்கிய சுடுகாட்டில் பிறந்தவனே சீவகன். அவனுக்கும் தந்தையின் பகை உண்டு, சினமும் உண்டு. ஆயின் அவனுக்கு அச்சணந்தி என்னும் ஆசான் இருந்தார். பிறப்பின் வரலாற்றை அவர் எடுத்துரைத்தார். கொதித்தெழுந்த மாணவனை ஓராண்டு பொறுத்திருக்குமாறு வாக்கும் பெற்றார். கென்யாவுக்கு வாய்க்காதவர் அந்த ஆசானே.

குறைகள்

இத்தொடரில் குறைகளும் உள. யோகோயாமாவின் வேறு பல படைப்புகளிலிருந்தும் பாத்திரங்களை இயக்குநர் ஒருங்கே கொணர்ந்தமையால் கூட்டம் மிகுந்து, யார் எவர் என்னும் மயக்கம் உண்டாகிறது. முன்கதைகள் பல சொல்லப்படாமலே நிற்கின்றன. கொலையும் அழிவும் மிகுதியாதலின் சிறு குழந்தைகளுக்கு இஃது ஏற்றதன்று. கல்லூரி மாணவர் காணலாம்; கண்டபின் விவாதிக்கவும் வேண்டும்.

முடிவுரை

நம் வீடுகளில் ‘அமானிதம்’ என்றொரு சொல் வழங்குகிறது. நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள் என்பது அதன் பொருள். தைசாகுவின் மணிக்கட்டில் இருந்தது அத்தகைய பொருளே. இன்று நம் பிள்ளைகளின் கையில் இருக்கும் கைப்பேசியும் அவர்கள் குரலுக்கு விடை கூறுகிறது, ஏவியதைச் செய்கிறது. ரோபோவைப் போல ஏவலை மீறி நம்மைக் காப்பது அதற்கு இயலாது. ஏவுவோரின் அறிவே அதற்கு அறம்.

கருவியைக் கையில் கொடுத்துவிட்டு, அதன் பயனையும் கேட்டையும் சொல்லாமல் விலகிக்கொள்ளும் பெரியோர், கென்யாவின் தந்தையைப் போல அரைச்சொல் கூறி மறைகின்றனர். பிள்ளைகள் பார்க்கும் படத்தைக் கடிந்து ஒதுக்குவதினும், ஒருநாள் அவர்கள் அருகில் அமர்ந்து பார்த்து, ‘இதில் உனக்கு விளங்கியது என்ன?’ என்று வினவுவது மேல். அச்சணந்தியின் பணியும் அவ்வாறு பேசுவதிலேயே தொடங்கியது. ஆசிரியராகிய நமக்கும் அதுவே கடன்.