நோயோடு வாழ்பவள் தாதியாகலாமா?

தாதியாக வேண்டும் என்பது என் விருப்பம். அதற்காகவே உயர்தரத்தில் உயிரியல் பிரிவைத் தெரிவு செய்தேன். ஆனால் பதினொரு வயதிலிருந்து எனக்கு முதலாம் வகை நீரிழிவு இருக்கிறது. அதனால், "இந்தப் பிள்ளையையே ஒருவர் பார்க்க வேண்டுமே, இது எப்படி மற்றவர்களைப் பார்க்கும்?" என்று உறவினர்கள் உம்மாவிடம் கேட்கிறார்கள். ஆஸ்துமா, வலிப்பு போன்ற நீண்டகால நோய்களுள்ள மாணவிகளின் வீடுகளிலும் இக்கேள்வி எழும். நான் தேடி அறிந்த விடையை இங்கு தருகிறேன்.

முதலாம் வகை நீரிழிவு சீனி சாப்பிட்டதால் வருவதன்று, தொற்றுவதுமன்று. சதையியில் இன்சுலினைச் சுரக்கும் கலங்களை உடலின் நோயெதிர்ப்புத் தொகுதியே அழித்துவிடுவதால் வருவது. 1922 ஜனவரியில், கனடாவின் டொரன்டோ நகரில், லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. அதற்கு முன் இந்நோய் கண்ட பிள்ளைகள் நெடுநாள் வாழவில்லை. இன்று ஒழுங்காக இன்சுலின் எடுப்பவர்கள் படிக்கிறார்கள், தொழில் செய்கிறார்கள்.

ஆனால் தாதியின் வேலை நேரம் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு வாரம் பகலில் வேலை, மறுவாரம் விடிய விடிய வேலை. அவசர நோயாளி வந்தால் சாப்பாடு பிந்தும். ஏற்றிய இன்சுலின் அதற்காகக் காத்திருக்காது. குருதியில் குளுக்கோசு 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், சிந்தனை குழம்பும். அந்த நிலையில் மருந்து அளந்தால் நோயாளிக்கு ஆபத்து. ஆகவே கடமைக்கு முன் குளுக்கோசு அளவைப் பார்க்க வேண்டும். சட்டைப்பையில் குளுக்கோசு இருக்க வேண்டும். இறங்கினால் 15 கிராம் உட்கொண்டு, 15 நிமிடத்தின் பின் மீண்டும் அளக்க வேண்டும். இரவுக் கடமைக்கான இன்சுலின் அளவை வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆஸ்துமா உள்ளவருக்குக் கிருமிநாசினியின் நெடி ஆகாமல் போகலாம். வலிப்புள்ளவருக்குத் தூக்கமின்மை ஆபத்தாகலாம். ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு திட்டம் தேவை.

இத்திட்டம் பலிக்க, கூட வேலை செய்பவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நமது ஊர்களில் பெண் பிள்ளையின் நோயை மறைக்கிறோம். நாளை கலியாணம் பேச வருபவர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம் பெற்றோருக்கு. நோன்பு காலத்தில், நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையைப் பயன்படுத்தக்கூடச் சில பிள்ளைகள் வெட்கப்படுகிறார்கள். ஆனால் நோயாளர் விடுதியில் ஒரு தாதி மயங்கி விழும்போது, காரணம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் உடனே உதவ முடியும்.

புளோரன்ஸ் நைட்டிங்கேலின் பிறந்த நாளான மே 12ஐச் சர்வதேச தாதியர் தினமாகக் கொண்டாடுகிறோம். அவரும் நீண்டகால நோயாளியே என்பது பலருக்குத் தெரியாது. 1855இல் கிரிமியாவில் அவரைக் கடும் காய்ச்சல் தாக்கியது. அது புருசெல்லோசிஸ் ஆக இருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 1857இன் பின் பல வருடங்கள் பெரும்பாலும் படுக்கையிலேயே கழிந்தன. நோயாளர் விடுதியில் நின்று பணிபுரிய அவரால் முடியவில்லை. ஆனாலும் 1859இல் தாதியர் பணி பற்றிய நூலை வெளியிட்டார். 1860இல் லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் அவரது பெயரில் தாதியர் பயிற்சிப் பாடசாலை தொடங்கியது. அவரிடம் செல்வம் இருந்தது, நம்மிடம் அது இல்லை. ஆனால் தாதியர் துறையில் கற்பித்தல், கிளினிக், ஆய்வு எனப் பல பணிகள் உண்டு என்பதை அவரது வாழ்க்கை காட்டுகிறது.

நோயாளியாக இருந்து கற்றதும் வீண்போகாது. ஒரே இடத்தில் தொடர்ந்து இன்சுலின் ஏற்றினால் தோலின் கீழ் கட்டி உண்டாகும், மருந்து சரியாக உறிஞ்சப்படாது. வயிறு, தொடை என இடத்தை மாற்ற வேண்டும். இதை நான் என் உடம்பிலேயே படித்தேன். நாளை ஒரு சிறு பிள்ளைக்கும் அதன் உம்மாவுக்கும் சொல்லிக்கொடுக்க என்னால் முடியும்.

செங்கலடியில் இருக்கும் நமக்கு வழியும் தூரமில்லை. மட்டக்களப்பில் தாதியர் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டப்படிப்பும் உண்டு. அரச சேவையில் சேர மருத்துவப் பரிசோதனை உண்டு. அங்கே உண்மையைச் சொல்ல வேண்டும். நோய் கட்டுப்பாட்டில் இல்லையென்றால் முதலில் அதைச் சீராக்க வேண்டும்.

பெற்றோரே, உங்கள் பிள்ளையால் முடியுமா என்று அயலவரிடம் கேட்காதீர்கள். அடுத்த கிளினிக் நாளில் பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வைத்தியரிடம் கேளுங்கள். என் வாப்பா அப்படித்தான் கேட்டார். "குளுக்கோசைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தால் படிக்கட்டும்" என்று வைத்தியர் சொன்னார். இப்போது நான் இரண்டையும் கவனித்து வருகிறேன்.