பாலம் தாண்டி ஒரு குழலோசை: பைப் ஆர்கனை ரசிப்பது எப்படி?

பிள்ளைகளின் இசை வகுப்புக்காக வாங்கிய கீபோர்டு வீட்டில் இருந்தால் தேடிப் பாருங்கள். அதில் 'சர்ச் ஆர்கன்' என்று ஒரு தெரிவு இருக்கும். அதைத் தேர்ந்து ஒரு கட்டையைத் தொட்டால், பழைய ஆங்கிலப் பேய்ப் படங்களில் வருவது போன்ற கனத்த ஓசை எழும். பிள்ளைகள் சிரித்துவிட்டு அடுத்த ஓசைக்குப் போய்விடுவார்கள். நம்மில் பலருக்கு ஆர்கனோடு உள்ள பழக்கம் அவ்வளவுதான்.

அந்தப் பொத்தான் நகலெடுக்கும் அசல் கருவி கோத்தா திங்கிக்கு எட்டாத தூரத்தில் இல்லை. இங்கிருந்து ஜோகூர் பாருவுக்குச் சுமார் 42 கிலோமீட்டர். பாலம் தாண்டிப் போகும் பேருந்துகளில் சில சிங்கப்பூரின் குயீன் ஸ்திரீட் நிலையத்தில்தான் நிற்கின்றன. அதே சாலையில் கொஞ்ச தூரம் நடந்தால் நல்லாயன் பேராலயம். சிங்கப்பூரின் மிகப் பழைய பைப் ஆர்கன் அதன் மாடத்தில் இருக்கிறது. வேலைக்காக நாள்தோறும் பாலம் கடக்கும் நம் இளைஞர்களில் எத்தனையோ பேர் அந்தக் கட்டடத்தைத் தாண்டியே போகிறார்கள். உள்ளே போனவர்கள் எத்தனை பேர்?

நமக்கு அந்நியமான கூரை அல்ல

"அது வெள்ளைக்காரன் சங்கீதம், நமக்கென்ன தெரியும்?" என்ற தயக்கம் பலருக்கும் உண்டு. வரலாறு வேறு மாதிரி சொல்கிறது.

நல்லாயன் பேராலயம் 1847இல் திறக்கப்பட்டது. 1888இல் ஓஃபிர் சாலையில் லூர்து அன்னை ஆலயம் எழும்பித் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென்று தனி இடம் அமைவதற்கு முன், நம்மவர்கள் இந்தக் கூரையின் கீழும் வழிபட்டிருக்கிறார்கள். சற்றுத் தள்ளியிருக்கும் புனித அந்திரேயா பேராலயத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். 1862இல் அர்ச்சிக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் சுவர்ப்பூச்சுக்கு 'மெட்ராஸ் சுனாம்' என்றே பெயர். சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் ஆகியவற்றைச் சேர்த்து அரைத்து, வழவழப்பாகத் தேய்த்தெடுக்கும் நம் ஊர்க் கைவேலை அது.

வேறு மதத்துக் கோயிலுக்குள் கால் வைப்பதும் நமக்குப் புதிதல்ல. ஜூலை மாதத்தில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்குப் போகிற கூட்டத்தில் எல்லா மதத்தவரும் இருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். வேண்டுதலுக்காகப் போகிற நாம், ஒரு முறை காது கொடுப்பதற்காகவும் போகலாம்.

மூங்கிலும் துருத்தியும்

நல்லாயன் பேராலயத்தின் ஆர்கனை 1912இல் செய்து கொடுத்தது லண்டனின் பெவிங்டன் நிறுவனம். வெப்பமும் ஈரப்பதமும் கலந்த நம் வட்டாரத்தில் மரமும் தோலும் படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. நூறாண்டுகளில் பல முறை அது பழுதுபார்க்கப்பட்டது. அதற்காக உழைத்தவர்களில் ஒருவர் சிங்கப்பூரின் ஆர்கன் கட்டுநர் ராபர்ட் நவரத்தினம். 2013 முதல் 2016 வரை பேராலயம் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டபோது, பிலிப்பீன்ஸின் லாஸ் பின்யாஸ் நகரைச் சேர்ந்த டியேகோ செரா நிறுவனத்தார் ஆர்கனைச் சீரமைத்துக் கொடுத்தார்கள்.

டியேகோ செரா என்பது ஒரு பாதிரியாரின் பெயர். உலோகக் குழாய்களுக்கு வழியில்லாத இடத்தில் 1816இல் மூங்கிலை வைத்து ஆர்கன் கட்டத் தொடங்கியவர் அவர். பூச்சி அரிக்காமல் இருக்க மூங்கில்களை மணலில் புதைத்துவைத்து, தேறியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டாராம். 1824இல் வேலை முடிந்தது. அதன் 1,031 குழல்களில் 902 மூங்கிலால் ஆனவை. பழுதடைந்த அந்தக் கருவி 1973இல் ஜெர்மனியின் பான் நகருக்கு அனுப்பப்பட்டு, இரண்டாண்டு கழித்துச் சீராகித் திரும்பியது. இன்றும் லாஸ் பின்யாஸ் தேவாலயத்தில் ஒலிக்கிறது. புல்லாங்குழலைக் கையில் ஏந்திய கண்ணனை வணங்கும் நமக்கு, மூங்கிலில் காற்று இசையாவது அதிசயமான செய்தி அல்ல. அதே அடிப்படை இங்கே ஆயிரம் மடங்கு பெரிதாகிறது.

ஆர்கன் வேலை செய்யும் விதம் எளிது. துருத்தியில் காற்று சேர்கிறது. முன்பு ஆள் வைத்து மிதித்தார்கள், இப்போது மின்விசிறி ஊதுகிறது. கட்டையை அழுத்தினால் ஓர் அடைப்பு திறந்து, அந்தச் சுருதிக்குரிய குழலுக்குள் காற்று புகுகிறது. ஒரு குழல் ஒரே ஒரு சுருதியைத்தான் எழுப்பும். அதனால்தான் இத்தனை குழல்கள்.

குழல்களில் இரண்டு சாதி. ஒன்று புல்லாங்குழலைப் போல விளிம்பில் காற்று மோதி ஒலிப்பது. மற்றது நாக்கு அதிர்ந்து ஒலிப்பது. நாகஸ்வரத்தின் சீவாளியை நினைத்துக்கொண்டால் போதும். வாசிப்பவரின் இருபுறமும் இருக்கும் குமிழ்களுக்கு 'ஸ்டாப்' என்று பெயர். எந்தக் குழல் வரிசை பேச வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்பதை அவை முடிவு செய்கின்றன. இரண்டு கைகளுக்கும் கட்டைகள், இரண்டு கால்களுக்கும் தனிக் கட்டைகள். ஓர் ஆள் நான்கு பேரின் வேலையைச் செய்கிறார்.

காதுக்கு என்ன வேலை?

முதல் முறை கேட்பவருக்கு ஆர்கன் ஒரே முழக்கமாகத் தோன்றலாம். நான்கு விஷயங்களைக் கவனித்தால் அந்த முழக்கம் பிரிந்து தெளிவாகும்.

முதலாவது, கார்வை. வீணையின் ஒலி மீட்டிய கணத்திலிருந்து தேயத் தொடங்கும். பியானோவும் அப்படித்தான். ஆர்கனில் விரல் இருக்கும் வரை ஒலி இறங்காது. தம்பூராவின் நிதானமும் நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதும்போது கிடைக்கும் உறுதியும் அதில் உண்டு.

இரண்டாவது, கால் வாசிப்பு. 16 அடிக் குழல் என்றால் ஏறத்தாழ ஐந்து மீட்டர் நீளம். அதன் ஆழ்ந்த ஒலி நொடிக்கு 30 அதிர்வுகளை ஒட்டியது. காதுக்கு எட்டும் முன் அமர்ந்திருக்கும் பலகையிலும் நெஞ்சிலும் அது தெரியும். எந்த ஒலிபெருக்கியும் இல்லாமல் இது நடக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். கீபோர்டு தர முடியாதது இதுதான்.

மூன்றாவது, நிறம் மாறுவது. கட்டையை ஓங்கி அடித்தாலும் மெல்லத் தொட்டாலும் குழலுக்குப் போகும் காற்று ஒன்றே. ஆகவே, வாசிப்பவர் முக்கியமாக ஸ்டாப்களைச் சேர்த்தும் நீக்கியும் ஒலியைக் கூட்டிக் குறைக்கிறார். ஒரே பாடல் அடி முதலில் குழலாகவும் அடுத்து எக்காளமாகவும் வருவதைப் பிடித்துவிட்டால் பாதி ரசனை கைவந்துவிடும்.

நான்காவது, 'ஃபியூக்'. ஒரு குரல் ஒரு வரியைத் தொடங்கும். அது முடித்த கையோடு இன்னொரு குரல் அதே வரியை வேறு சுருதியில் எடுக்கும்; முதல் குரலும் ஓயாது. பிறகு மூன்றாவது, நான்காவது. கூட்டுக்குடும்பத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினாலும் பாட்டிக்கு ஒவ்வொருவர் குரலும் தனித்துக் கேட்குமே, அந்தக் காது வேண்டும். பழகினால் வரும்.

இந்தக் கலையின் உச்சம் ஜோஹன் செபாஸ்டியன் பாக். இளையராஜா தம் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் சேர்த்துக் காணிக்கையாக்கினார். அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு பாக் ஏற்கெனவே பாதி உறவுக்காரர்.

நல்ல ரசிகராக இருந்தவர்

பாக் பெரிய வாசிப்பாளர் ஆவதற்கு முன் பெரிய ரசிகராக இருந்தார். 1705இல், இருபது வயதில், ஆர்ன்ஸ்டாட் நகரத் தேவாலயத்தில் வேலையில் இருந்தபோது நான்கு வாரம் விடுப்புக் கேட்டார். லூபெக் நகரில் முதியவர் பூக்ஸ்டஹூடா ஆர்கன் வாசிப்பதைக் கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. தூரம் 400 கிலோமீட்டர் இருக்கும். நடந்தே போனார். நான்கு வாரத்தில் திரும்ப வேண்டியவர் ஏறத்தாழ நான்கு மாதம் கழித்துத்தான் வந்தார். மேலதிகாரிகள் கூப்பிட்டு விசாரித்தார்கள். அந்தக் கேள்வி ஞானம் பிறகு அவர் எழுதியவற்றில் எல்லாம் இறங்கியது.

நம் சபைகளில் ரசனைக்கு உடனடி மொழி உண்டு. தலையாட்டல், தொடையில் தாளம், 'பலே' என்று ஒரு சொல். பாடகரும் அதைப் பார்த்து உற்சாகமாகி இன்னும் ஒரு சங்கதி போடுவார். பேராலயத்தில் வாசிப்பவர் பெரும்பாலும் மாடத்தில், நம் முதுகுக்குப் பின்னால் இருப்பார். நாம் அவரைப் பார்ப்பதில்லை, அவரும் நம்மைப் பார்ப்பதில்லை. அங்கே ரசிகர் தரக்கூடிய முதல் மரியாதை மௌனம். கடைசிச் சுரத்திலிருந்து விரல் எடுத்த பிறகும் ஒலி கூரையில் சில விநாடி உலவும். கட்டடமும் கருவியின் ஒரு பகுதிதான். அது அடங்கும் வரை பொறுத்துக் கைதட்டுவதே ரசனை. அந்தச் சில விநாடிகளில் நூறு பேர் ஒன்றாக மூச்சடக்கி இருப்பது, எந்தக் கைதட்டலையும்விடப் பெரிய பாராட்டு.

கேட்பவர் இருந்தால்தான்

இதையெல்லாம் இப்போது ஏன் பேச வேண்டும்? பைப் ஆர்கனைப் பராமரிக்கச் செலவு அதிகம், தெரிந்த கைகளோ குறைவு. மின்னணு ஆர்கன் மலிவு, இடமும் பிடிக்காது. அதனால் உலகெங்கும் பல தேவாலயங்கள் பழைய கருவியை மூடிவிட்டு மாற்று வழிக்குப் போய்விட்டன. வாசிக்காமல் கிடக்கும் ஆர்கனில் தூசு படியும், தோல் காயும், அடைப்புகள் சிக்கும். நூறாண்டுக் கருவி மறுபடி பேசுகிறது என்றால், கேட்க ஆள் இருக்கிறது என்று யாரோ நம்பியிருக்கிறார்கள்.

நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் நாகஸ்வரத்துக்குப் பதில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு நகர்ந்த ஊர்கள் நம்மிடமும் உண்டு. வாசிப்பவர் குறைந்துவிட்டார் என்று வருந்துகிறோம். அவர் முன்னால் உட்கார்ந்து கேட்டவர் எப்போது குறைந்தார் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு அசலும் நகலும் வேறு என்று காட்டுவதற்கு, மின்சாரம் ஓசையை உண்டாக்காத ஒரு கருவியின் முன் அவர்களை அரைமணி நேரம் உட்காரவைப்பதைவிட நல்ல வழி இல்லை.

போவதற்கு முன்

• நல்லாயன் பேராலயத்தில் வழிபாட்டு நேரம் எது, இசை நிகழ்ச்சி எது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். வழிபாடு என்றால் பின்வரிசையில் அமர்ந்து கேட்கலாம், கைதட்டுவதில்லை.

• தோளும் முழங்காலும் மூடிய உடை. கைத்தொலைபேசியின் ஒலியை நிறுத்திவிடுங்கள்.

• குழல்களுக்கு நேர் கீழே உட்காராமல் கூடத்தின் நடுப்பகுதிக்குத் தள்ளி உட்கார்ந்தால் ஒலி கலந்து வரும்.

• கோலாலம்பூர் போகிறவர்களுக்கு இரண்டு இடங்கள்: மெர்டேக்கா சதுக்கத்தை ஒட்டிய புனித மரியாள் பேராலயத்தில் 1895ஆம் ஆண்டின் ஹென்றி வில்லிஸ் ஆர்கன், இரட்டைக் கோபுரத்தில் 1998இல் திறக்கப்பட்ட பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் அரங்கில் 2,977 குழல்கள் கொண்ட கிளைஸ் ஆர்கன்.

• சிறு பிள்ளைகளுடன் போனால் ஓரத்து வரிசையே நல்லது. முழு நிகழ்ச்சியும் இருக்க வேண்டியதில்லை. இரண்டு உருப்படிகளை ஒழுங்காகக் கேட்டாலே போதும்.

• முடிந்ததும் வாசித்தவர் மாடத்திலிருந்து இறங்கி வருவார். ஒரு வார்த்தை நன்றி சொல்லுங்கள். எத்தனை பேர் கேட்டார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரியும்.