ஒரு பிரதி போதாது

1990 ஆம் ஆண்டு ஆனி மாதம் வலிகாமம் வடக்கிலிருந்து நாங்கள் புறப்பட்டபோது, ஐயா காணி உறுதியை வீட்டிலேயே விட்டுவிட்டார். அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் தகரத்தினுள் அது இருந்தது. "பத்து நாளிலை திரும்பி வந்திடுவம்" என்பதே அன்று எல்லோருடைய பேச்சும். மாடுகளை அவிழ்த்துவிட்டு, கையில் அகப்பட்டதோடு நடந்தோம். அந்தத் தகரத்தைப் பிறகு நாங்கள் காணவேயில்லை.

நான் இப்போது கொழும்பில் ஒரு நிறுவனத்தில் தரவுச் சேமிப்பு நிர்வாகியாக வேலை செய்கிறேன். "கணனியிலை என்ன வேலை?" என்று ஊரவர்கள் கேட்டால், "களஞ்சியகாரன் வேலை" என்பேன். நெல்லுக்குப் பதிலாக அங்கே கணக்குகளும் கடிதங்களும் படங்களும் இருக்கின்றன. அவை பழுதாகாமலும் தொலையாமலும், கேட்ட நேரத்தில் எடுத்துக் கொடுக்கக்கூடியதாகவும் இருக்கவேண்டும். அதுவே என் கடமை.

களஞ்சியத்தில் நடப்பது

கணனியின் தகவல்கள் பெரும்பாலும் வன்தட்டுகளில் பதியப்படுகின்றன. ஓயாமல் சுழலும் இத்தட்டுகள் என்றோ ஒருநாள் பழுதாகும். நூற்றுக்கணக்கான தட்டுகள் உள்ள இடத்தில் இடைக்கிடை ஒன்று செத்துப்போவது புதினமல்ல. தட்டு சாகாமல் காப்பது எம்மால் ஆகாது. செத்தாலும் தகவல் சாகாமல் காப்பதே எமது வேலை.

இதற்கான வழியொன்றை 1988 இல் கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர் விளக்கி எழுதினார்கள். அதன் சாரத்தைச் சிறு கணக்கொன்றால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு தட்டில் 4 என்றும் அடுத்ததில் 7 என்றும் எழுதுகிறோம். மூன்றாவது தட்டில் அவற்றின் கூட்டுத்தொகையான 11 ஐ எழுதிவைக்கிறோம். இரண்டாம் தட்டு பழுதானால் கவலையில்லை. 11 இலிருந்து 4 ஐக் கழித்தால் தொலைந்த 7 திரும்பவும் வந்துவிடும்.

ஆனால் இதுவும் முழுப் பாதுகாப்பு ஆகாது. யாராவது தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், எல்லாத் தட்டுகளிலும் அது ஒரேயடியாக அழியும். கட்டடம் எரிந்தால் எல்லாமே எரியும். ஆகவே இரவு நேரத்தில் வேறு பிரதி எடுத்து, வேறு ஊருக்கு அனுப்புகிறோம். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. பிரதிகள் மூன்று; அவை இரண்டு வகைப் பொருள்களில்; அவற்றுள் ஒன்றேனும் வேறிடத்தில். ஓர் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் தமது படங்களைக் காப்பதற்காக வகுத்துச் சொன்ன விதி இது. இன்று பெரிய நிறுவனங்களும் இதையே பின்பற்றுகின்றன.

திறந்து பார்த்தீர்களா?

பிரதி இருக்கிறது என்று நம்புவது வேறு. திறந்து பார்த்து அறிவது வேறு. நான் வேலை பழகிய காலத்தில் ஓரிடத்தில், ஒவ்வோர் இரவும் பிரதி எடுக்கப்பட்டதாகப் பதிவேடு சொல்லிற்று. ஒருநாள் கோப்பு ஒன்று அழிந்துபோக, காந்த நாடாவை எடுத்துப் பார்த்தோம். உள்ளே ஒன்றுமில்லை. பல வாரங்களாக வெறும் நாடாவே சுழன்றிருக்கிறது. அன்றிலிருந்து மாதந்தோறும் ஒரு பிரதியையாவது திறந்து பார்க்காமல் நான் நிம்மதியாகத் தூங்குவதில்லை.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 1998 இல் அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனம் 'டோய் ஸ்டோரி 2' என்ற சித்திரப் படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தது. யாரோ கொடுத்த ஒரு தவறான கட்டளையால் படத்தின் பெரும்பகுதி கணனியிலிருந்து அழிந்தது. காப்புப் பிரதிகளைத் தேடியபோது அவையும் பழுது. இறுதியில் படத்தைக் காப்பாற்றியது ஒரு தாயின் வீட்டுக் கணனி. கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்தே வேலை செய்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப அதிகாரி, அங்கே ஒரு பிரதி வைத்திருந்தார். அந்தக் கணனியைப் போர்வையால் சுற்றிக் காரில் ஏற்றி, மெதுவாக ஓட்டி வந்தார்கள்.

இடம்பெயர்ந்த விதைகள்

வேலை முடிந்தால் எனக்கு விருப்பமானது வீட்டுத்தோட்டமும் விதை சேர்ப்பதும். இதை அம்மாவிடமிருந்து பழகினேன். அவர் கத்தரி விதையைச் சாம்பலில் பிரட்டி, காயவைத்து, சிறு பொட்டலங்களாகக் கட்டுவார். ஒரு பொட்டலம் எங்களுக்கு, ஒன்று பெரியம்மாவுக்கு, ஒன்று அயல்வீட்டு ஆச்சிக்கு. நாங்கள் இடம்பெயர்ந்து அலைந்து, பின்னர் பெரியம்மா வீடு போய்ச் சேர்ந்தபோது, அவருடைய வேலியோரத்தில் எங்கள் கத்தரி காய்த்துக்கொண்டிருந்தது. கணனியைக் காணாத அம்மாவுக்கு எங்கள் தொழிலின் விதி தெரிந்திருந்தது.

உலக அளவிலும் இப்படி ஒன்று நடந்தது. சிரியாவின் அலெப்போ நகருக்கு அருகில், வறண்ட நிலப் பயிர்களை ஆராயும் சர்வதேச நிலையம் ஒன்று கோதுமை, பார்லி, பருப்பு, கடலை விதைகளைப் பாதுகாத்து வந்தது. 2008 இல் நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், மலையைக் குடைந்து அமைத்த விதைப் பெட்டகம் திறக்கப்பட்டதும், தன் விதைகளின் மறுபிரதிகளை அங்கே அனுப்பத் தொடங்கிற்று. பின்பு போர் வந்தது, ஊழியர்களும் இடம்பெயர்ந்தார்கள். 2015 இல் அப்பெட்டகத்திலிருந்து முதன்முதலாக விதை திரும்ப எடுக்கப்பட்டது இவர்களுக்காகவே. அவற்றை லெபனானிலும் மொறோக்கோவிலும் விதைத்துப் பெருக்கி, 2017 இல் ஒரு பங்கை மீண்டும் பெட்டகத்துக்கு அனுப்பினார்கள்.

ஐயாவின் உறுதி

போர் முடிந்து சில ஆண்டுகளின் பின் எங்கள் பகுதிக் காணிகள் சில விடுவிக்கப்பட்டன. உரித்தை நிரூபிக்கவேண்டும் என்றார்கள். வேலியும் இல்லை, வீடும் இல்லை, உறுதியும் இல்லை. ஐயா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆனால் எங்கள் நாட்டின் சட்டம் இதை முன்பே எண்ணியிருக்கிறது. நொத்தாரிசு ஒருவர் உறுதி எழுதும்போது, மூலத்தை உரியவரிடம் கொடுக்கிறார். ஒன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்கிறார். இன்னொன்றைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புகிறார். மூன்று பிரதிகள், மூன்று இடங்கள்! ஐயாவுக்கு நொத்தாரிசின் பெயரும் உறுதி முடித்த ஆண்டும் நினைவில் இருந்தன. பல நாள் அலைந்து, பதிவகத்துப் பிரதியைக் கண்டெடுத்தோம். எல்லாக் குடும்பங்களுக்கும் இப்படி வாய்க்கவில்லை. எரிந்த பதிவேடுகளும், நொத்தாரிசு இறந்தபின் தேடமுடியாமற்போன உறுதிகளும் உண்டு.

நாம் செய்யக்கூடியவை

உறுதி, காணி உத்தரவுப்பத்திரம், பிறப்பு மற்றும் விவாகச் சான்றிதழ்கள், அடையாள அட்டை ஆகியவற்றைப் போட்டோக்கொப்பி எடுங்கள். ஒரு தொகுதியை வேறு மாவட்டத்தில் உள்ள நம்பிக்கையான உறவினரிடம் கொடுங்கள். கைத்தொலைபேசியில் படம் பிடித்து, தூரத்தில் உள்ள பிள்ளைக்கு அனுப்புங்கள். மூலமும் தொலைபேசியும் ஒரே பையில் இருந்தால் அது ஒரு பிரதிதான் என்பதை மறக்கவேண்டாம். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், காணியின் பெயர், பரப்பு ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி, பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். முன்பின் அறியாதவர்களிடம் பிரதி கொடுக்காதீர்கள். ஆண்டுக்கொருமுறை, நத்தாருக்கோ பொங்கலுக்கோ வீடு துப்புரவாக்கும்போது, எல்லாவற்றையும் எடுத்து, எழுத்து மங்கவில்லையா, கறையான் அரிக்கவில்லையா என்று பாருங்கள்.

எரேமியா இறைவாக்கினரை இங்கு நினைவுகூர்வது தகும். பகைவரின் படை எருசலேமைச் சூழ்ந்திருந்தது. அவரோ காவலில் இருந்தார். அந்த நேரத்தில் 17 வெள்ளிக்காசு நிறுத்துக்கொடுத்து, ஊரில் ஒரு வயலை வாங்கினார். சாட்சிகள் முன் எழுதிய உறுதியில் முத்திரையிட்டது ஒன்று, திறந்தது ஒன்று. இரண்டையும் நெடுநாள் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். இந்த நாட்டில் மீண்டும் வீடும் வயலும் கைமாறும் நாள் வரும் என்பதே அவருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்காக அவர் செபித்ததோடு நிற்கவில்லை, பத்திரத்தையும் பத்திரப்படுத்தினார்.

இன்னும் காணி விடுபடாமல் காத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அந்த நாள் வரும்போது கையில் பத்திரம் இருக்கட்டும். மண்பாண்டத்தை இன்றே தேடுவோம்.