குடும்பங்களின் கதையும் வறுமையின் கணக்கும்

நாட்டில் நூற்றுக்கு எத்தனை பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே வாழ்கின்றனர் என்ற கணக்கு திட்டமிடுவோருக்கு இன்றியமையாத ஒன்றாகும். பேராசிரியர் மகலனோபிஸ் அவர்களின் முயற்சியால் 1950ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தேசிய மாதிரி ஆய்வு, குடும்பங்கள் எதற்கு எவ்வளவு செலவிடுகின்றன என்பதை வீடு வீடாகச் சென்று கேட்டறிந்து இக்கணக்குக்கு அடிப்படை அமைத்துக் கொடுத்தது. 2004-05இல் 37.2 சதவீதமாக இருந்த வறுமை 2011-12இல் 21.9 சதவீதமாகக் குறைந்தது என்று திட்டக் குழு 2013இல் வெளியிட்ட மதிப்பீடும் இவ்வாறு திரட்டப்பட்ட செலவுக் கணக்கைக் கொண்டு கணிக்கப்பட்டதே.

எனினும், இக்கணக்கு ஒரு கேள்விக்கு விடை தருவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஆய்வாளர்கள் சந்திப்பது வெவ்வேறு குடும்பங்களை. முன்னர் ஏழைகளாக இருந்தவர்கள்தாம் இன்றும் ஏழைகளாக உள்ளனரா, அன்றி அவர்கள் கரையேறிவிடப் புதியவர்கள் அவ்விடத்துக்கு வந்து சேர்ந்துள்ளனரா என்பது அதில் புலப்படாது. காலையில் பேருந்து நிலையத்தில் நூறு பேர் காத்திருந்தனர், மாலையில் தொண்ணூறு பேர் காத்திருந்தனர் என்றால், பத்துப் பேர் மட்டுமே பயணம் புறப்பட்டனர் என்று யாரும் முடிவு செய்வதில்லை. வறுமைக் கணக்கைப் படிக்கும்போது மட்டும் நாம் பெரும்பாலும் அத்தகைய முடிவுக்கே வந்துவிடுகிறோம்.

இக்குறையை நிறைவு செய்யவல்லது சாதாரணக் குடும்பங்களின் வாழ்க்கை வரலாறு. மன்னர்களுக்கும் தலைவர்களுக்கும் மட்டுமே வரலாறு உண்டு என்னும் எண்ணம் பழையது. கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கும் வரலாறு உண்டு. அது பொருளாதார ஆராய்ச்சிக்கு மிகவும் பயன்படும் சான்றாகும் என்பதை இந்தியாவில் நடைபெற்ற பல ஆய்வுகள் மெய்ப்பித்துள்ளன.

மீண்டும் மீண்டும் அதே கிராமத்துக்கு

ஒரே கிராமத்துக்குப் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் சென்று ஆராயும் மரபு நம் நாட்டில் நீண்டது. சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், 1916ஆம் ஆண்டில் தம் மாணவர்களைச் சொந்தக் கிராமங்களுக்கு அனுப்பிச் செய்திகளைத் திரட்டச் செய்தார். அக்கிராமங்கள் சிலவற்றில் 1936-37இல் மறு ஆய்வு நடந்தது. பிற்காலத்திலும் ஆராய்ச்சியாளர்கள் அங்குச் சென்று வந்துள்ளனர்.

உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் மாவட்டத்தைச் சேர்ந்த பாலன்பூர் இவ்வகையில் உலகப் புகழ் பெற்றது. 1957-58இல் தில்லிப் பல்கலைக் கழகத்தின் வேளாண் பொருளாதார ஆராய்ச்சி நிலையம் அக்கிராமத்தை முதன்முதலாக ஆராய்ந்தபோது அதன் மக்கள்தொகை 528. அதன் பின்னர் 1962-63, 1974-75, 1983-84, 1993, 2008-10 ஆகிய காலங்களிலும் அங்கு விரிவான ஆய்வுகள் நடைபெற்றன. ஆராய்ச்சியாளர்கள் மாதக் கணக்கில் கிராமத்திலேயே தங்கி, ஒவ்வொரு குடும்பத்தின் நிலம், கடன், பயிர், வேலை ஆகியவற்றைப் பதிவு செய்தனர். பாசனம் பெருகியதும், புதிய கோதுமை விதைகள் வந்ததும், வெளியூர் வேலை பரவியதும் ஒவ்வொரு குடும்பத்தையும் எவ்வாறு மாற்றின என்பதை இதனால் காண முடிந்தது. ஒரே ஊரில், ஒரே மழையில், ஒரே விலையில் வாழ்ந்த குடும்பங்களுள் சில உயர்ந்தன, சில தாழ்ந்தன. பயிர்த்தொழிலில் ஊன்றி நின்ற முராவ் சமூகத்தினர் முன்னேறினர். நிலமற்றவர்களாகவோ சிறு நிலம் உடையவர்களாகவோ இருந்த ஜாதவ் குடும்பங்கள் நெடுங்காலம் கடைசிப் படியிலேயே நின்றன. அவற்றுள் சிலவற்றுக்குப் பிற்காலத்தில் வழி திறந்தது, விவசாயத்துக்கு வெளியே கிடைத்த வேலையினால்.

ஐதராபாதுக்கு அருகே அமைந்துள்ள அனைத்துலகப் பயிர் ஆராய்ச்சி நிலையமான 'இக்ரிசாட்', 1975 முதல் ஆந்திர, மராட்டிய மாநிலங்களின் வறண்ட பகுதிகளில் ஆறு கிராமங்களைத் தேர்ந்தெடுத்து, கிராமத்துக்கு 40 வீதம் 240 குடும்பங்களைப் பின்தொடர்ந்தது. மழையை நம்பி வாழும் அக்கிராமங்களில் ஏழை, ஏழையல்லாதார் என்னும் பாகுபாடு நிலையானதன்று என்பது அப்பதிவுகளால் தெளிவாயிற்று. ஒரு நல்ல மழை சில குடும்பங்களைக் கோட்டுக்கு மேலே தூக்கியது. மறு ஆண்டின் வறட்சி அவற்றையே மீண்டும் கீழே தள்ளியது.

நினைவிலிருந்து கணக்கு

பழைய பதிவுகள் இல்லாத கிராமங்களில் என் செய்வது? இந்திய ஆட்சிப் பணியில் இருந்து பின்னர் பேராசிரியரான அனிருத் கிருஷ்ணா இதற்கு ஓர் எளிய முறையை வகுத்தார். முதலில் கிராம மக்கள் ஒன்றுகூடுகின்றனர். மிகவும் ஏழ்மையான ஒரு குடும்பத்தின் கையில் சிறிது பணம் சேர்ந்தால் அது முதலில் எதைச் செய்யும், அடுத்து எதைச் செய்யும் என்று அவர்களிடம் கேட்கப்படுகிறது. இராஜஸ்தானக் கிராமங்களில் கிடைத்த விடை பெரும்பாலும் ஒன்றே: வயிறார உணவு, குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புதல், வெளியே உடுத்திச் செல்லத் தக்க ஆடை, கடனைத் தவணை தவறாமல் அடைத்தல். இந்நான்கு படிகளையும் கடவாத குடும்பமே ஏழைக் குடும்பம் என்று மக்களே வரையறுத்தனர்.

அடுத்து, ஒவ்வொரு குடும்பமும் இன்று எந்தப் படியில் உள்ளது, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எந்தப் படியில் இருந்தது என்று கேட்கப்பட்டது. ஆண்டு எண்களை எல்லோரும் நினைவில் வைத்திருப்பதில்லை. எனவே 1975-77ஆம் ஆண்டுகளின் நெருக்கடி நிலை அடையாளமாகக் கொள்ளப்பட்டது. கூட்டத்தில் கூறப்பட்டவை பின்னர் அந்தந்தக் குடும்பத்தாரிடம் தனியே கேட்டுச் சரிபார்க்கப்பட்டன.

இராஜஸ்தானத்தின் 35 கிராமங்களில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களைப் பற்றி இவ்வாறு திரட்டிய செய்தி சிந்தனைக்குரியது. அந்தக் கால் நூற்றாண்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 11 குடும்பங்கள் வறுமையிலிருந்து மீண்டிருந்தன. அதே காலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 குடும்பங்கள் புதிதாக வறுமையில் வீழ்ந்திருந்தன. சராசரிக் கணக்கில் இது மூன்று சதவீதக் குறைவு மட்டுமே. அதைப் படிப்பவர், கிராமத்தில் பெரிதாக ஒன்றும் நிகழவில்லை என்று எண்ணக்கூடும். உண்மையில் நூற்றுக்குப் பத்தொன்பது குடும்பங்களின் வாழ்வு தலைகீழாக மாறியிருந்தது.

வீழ்ச்சியின் வழி

மீட்சியின் காரணங்கள் வேறு, வீழ்ச்சியின் காரணங்கள் வேறு என்பது இவ்வாய்வு தந்த தலையாய படிப்பினை. மீண்ட குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டாவதாக ஒரு வருவாய் வழியைத் தேடிக்கொண்டவை. நகரத்தில் இருந்த உறவினர் மூலம் மகனுக்கு வேலை கிடைத்தவை. அல்லது நிலத்துக்குப் பாசனம் பெற்றவை. வீழ்ந்த குடும்பங்களின் கதையிலோ நோயும் மருத்துவச் செலவும் முன்னிற்கின்றன. அவற்றை அடுத்து நிற்பவை திருமணச் செலவும், இறந்தவர் பொருட்டு ஊருக்கு இடும் விருந்தும், வட்டிக் கடனும். 'மிருத்யு போஜ்' எனப்படும் இவ்விருந்தைத் தடுக்க இராஜஸ்தான அரசு 1960இலேயே சட்டம் இயற்றியுள்ளது. எனினும் வழக்கம் முற்றிலும் ஒழிந்தபாடில்லை.

ஒரே அடியில் குடும்பம் வீழ்வது அரிது. இத்தகைய வரலாறுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் போக்கை இவ்வாறு விவரிக்கலாம். குடும்பத்தில் உழைக்கும் ஒருவர் நோய்வாய்ப்படுகிறார். அவரது கூலி நின்றுபோகிறது; மருத்துவச் செலவு தொடங்குகிறது. முதலில் ஆடுகள் விற்கப்படுகின்றன. பின்னர் பெண்களின் வெள்ளி நகை அடகுக்குப் போகிறது. நோயாளி இறந்துபோக, பன்னிரண்டாம் நாள் விருந்துக்காக நிலம் ஈடு வைக்கப்படுகிறது. கடனை அடைக்க மூத்த மகன் பள்ளியை விட்டு, முன்பணம் பெற்றுக்கொண்டு செங்கற்சூளைக்குச் செல்கிறான். ஆண்டிறுதியில் கணக்குப் பார்க்கும்போது முன்பணத்தில் ஒரு பகுதி இன்னும் பாக்கி நிற்கிறது. ஐந்தாறு ஆண்டுகளில் நிலம் கைமாறுகிறது. முன்பு அண்டை வீட்டாருக்குத் தானியம் கடன் கொடுத்த குடும்பம் இப்போது கடன் கேட்டு நிற்கிறது. இவ்வரிசையின் எந்தக் கட்டத்திலும் சோம்பலோ ஊதாரித்தனமோ இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் அக்குடும்பம் தன் கடமை என்று கருதியதையே செய்தது.

ஏழை மக்கள் உழைக்காதவர்கள் என்னும் எளிய தீர்ப்பை இக்கதைகள் மறுக்கின்றன. எந்தக் கட்டத்தில் உதவி கிடைத்திருந்தால் சங்கிலி அறுபட்டிருக்கும் என்பதையும் அவையே காட்டுகின்றன.

நாடளாவிய சான்று

சில கிராமங்களில் கண்டது நாடு முழுமைக்கும் பொருந்துமா என்னும் ஐயம் எழலாம். பயன்முறைப் பொருளாதார ஆராய்ச்சிக்கான தேசியக் குழுவும் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக் கழகமும் இணைந்து மேற்கொண்ட இந்திய மனித வளர்ச்சி ஆய்வு, 2004-05இல் 41,554 குடும்பங்களைச் சந்தித்தது. 2011-12இல் அவற்றுள் பெரும்பாலானவை மீண்டும் சந்திக்கப்பட்டன. மூன்றாம் சுற்று 2022-24இல் நடைபெற்றது. 2024இல் வெளியான ஆய்வுக் கட்டுரையின்படி, வறுமை 2011-12இல் 21.2 சதவீதத்திலிருந்து 2022-24இல் 8.5 சதவீதமாகக் குறைந்துள்ளது. இந்த 8.5இல் இரு காலங்களிலும் ஏழைகளாக இருந்தோர் 3.2 சதவீதம் மட்டுமே. ஏனைய 5.3 சதவீதத்தினர் முன்பு கோட்டுக்கு மேலே இருந்து பின்னர் வீழ்ந்தவர்கள். வறுமை குறையக் குறைய, எஞ்சியுள்ள ஏழைகளிடையே புதிதாக வீழ்ந்தோரின் பங்கு மிகுந்து நிற்கிறது.

பட்டியலும் குடும்பமும்

இவ்வுண்மை நிர்வாகத்துக்கு ஒரு சிக்கலை ஏற்படுத்துகிறது. ஏழைகளை அடையாளம் காண 1992, 1997, 2002 ஆகிய ஆண்டுகளில் கணக்கெடுப்புகள் நடைபெற்றன. 2011இல் சமூக, பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2018இல் தொடங்கப்பெற்ற பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம், குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு வழி செய்தபோது, பயனாளிகளைத் தேர்ந்தெடுக்க அந்த 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பையே அடிப்படையாகக் கொண்டது. பட்டியல் ஒருமுறை எழுதப்படுகிறது. குடும்பங்களோ ஆண்டுதோறும் ஏறி இறங்குகின்றன. 2011இல் எருதும் நிலமும் வைத்திருந்து 2016இல் நோயால் அனைத்தையும் இழந்த குடும்பத்தைப் பழைய பட்டியல் அறியாது. மேலும், மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே காப்பீடு உதவுகிறது. நாள்பட்ட நோய்க்கு மாதந்தோறும் வாங்கும் மருந்துச் செலவு குடும்பத்தின் தலையிலேயே விழுகிறது. மெல்ல மெல்ல வீழ்த்துவது இச்செலவே.

குடும்ப வரலாறுகளைத் திரட்டுவதிலும் குறைகள் உண்டு. குடும்பத் தலைவரிடம் மட்டும் கேட்டால், மகனின் வீட்டில் ஒண்டியிருக்கும் விதவைத் தாயின் கதை அவர் கதைக்குள் மறைந்துவிடுகிறது. கூட்டுக் குடும்பம் மூன்றாகப் பிரியும்போது, மூன்றில் ஒன்றை மட்டும் பின்தொடர்ந்தால் முடிவு பிழையாகும். ஊரை விட்டே சென்றுவிட்ட குடும்பம் ஏட்டிலிருந்து நீங்கிவிடுகிறது. ஆதலால் வாழ்க்கைக் கதைகள் மாதிரி ஆய்வுக்கு மாற்றாக மாட்டா. எத்தனை பேர் என்பதை ஒன்று கூறும். எவ்வாறு, எதனால் என்பதை மற்றொன்று கூறும். இரண்டும் ஒருங்கே தேவை.

செய்யத் தக்கது

இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவன்று. கேரள அரசு 2021இல் மிகக் கடுமையான வறுமையில் இருந்த 64,006 குடும்பங்களை உள்ளாட்சி மன்றங்களின் வாயிலாக அடையாளம் கண்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நுண்திட்டம் தீட்டியது. ஒரு குடும்பத்துக்கு வீடு முதல் தேவை, மற்றொன்றுக்கு மருந்து, வேறொன்றுக்குக் குடும்ப அட்டை. கடும் வறுமை நீங்கிவிட்டதாக 2025 நவம்பர் 1ஆம் நாள் அம்மாநில அரசு அறிவித்தது. மீண்ட குடும்பங்கள் மீண்டும் வீழாமல் நிற்கின்றனவா என்பதைத் தொடர்ந்து கண்காணிப்பதே இனி அம்முயற்சிக்கு உரைகல்லாகும்.

1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் கிராம சபைக்கு அரசியலமைப்பில் இடம் கிடைத்தது. ஆண்டில் ஒரு கூட்டத்திலேனும், 'கடந்த ஓராண்டில் நம் ஊரில் எந்தக் குடும்பம் தாழ்ந்தது, எதனால்?' என்னும் வினாவை எழுப்பி, விடையை ஏட்டில் பதிவு செய்வது அச்சபைக்கு இயலாத செயலன்று. அதற்குப் பெரும் நிதியோ நிபுணர் குழுவோ தேவையில்லை. ஊராருக்கு விடை தெரியும். யார் வீட்டு எருமை சந்தைக்குப் போயிற்று, யார் பிள்ளை பள்ளியை விட்டு நின்றான் என்பதை அண்டை வீட்டார் அறிவர். அச்செய்தி அலுவலகத்தின் பட்டியலை எட்டுவதற்குள் நிலம் கைமாறிவிடுகிறது என்பதே இன்றுள்ள குறை. நிலம் ஈட்டில் இருக்கும்போதே உதவி சென்று சேருமானால், அக்குடும்பத்தைப் பின்னர் வறுமையிலிருந்து மீட்க வேண்டிய தேவையே எழாது.