மைனிங், ஸ்டேக்கிங், வெகுமதி: மூன்றும் ஒன்றல்ல

'மைனிங்கில் பணம் போடுங்கள், மாதாமாதம் இலாபம் வரும்' என்று யாராவது அழைத்தால், முதலில் அந்தச் சொல்லின் பொருளைக் கேட்டறிவது வியாபாரிக்கு நல்லது.

கணனிகளையும் மின்சாரத்தையும் செலவிட்டு, கொடுக்கல் வாங்கல்களைப் பொதுப் பதிவேட்டில் சேர்க்கும் போட்டியே மைனிங். பிட்கொயினில் வெல்பவருக்கு 2009இல் 50 நாணயங்கள் கிடைத்தன. 2024 ஏப்ரல் முதல் 3.125 மட்டுமே.

ஸ்டேக்கிங்கில் கையிலுள்ள நாணயத்தையே பிணையாக வைக்க வேண்டும். எதேரியம் 2022 செப்டெம்பரில் இம்முறைக்கு மாறியது. சொந்தமாகச் செய்வோருக்குக் குறைந்தது 32 ஈதர் தேவை. மோசடி செய்தால் பிணையில் வெட்டு விழும்.

மூன்றாவது, விஞ்ஞான ஆய்வுகளுக்குத் தமது கணனியின் வலுவைக் கொடுப்போருக்கான வெகுமதி. 2013இல் தொடங்கிய கிரிட்கொயின் இத்தகையது. இதிலும் மின்கட்டணம் கொடுப்பவருடையதே.

ஆள் சேர்ப்பது இம்மூன்றில் எதிலும் வேலையல்ல. வன்கொயின் நிறுவனமோ மைனிங் என்ற பெயரில் பொதிகளை விற்று ஆள் சேர்த்தது. உண்மையில் மைனிங் நடக்கவே இல்லை. அதன் இணை நிறுவனருக்கு 2023இல் அமெரிக்க நீதிமன்றம் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

ஆகவே கேளுங்கள்: கணனி எங்கே? பிணை யார் கையில்? செய்யும் வேலை என்ன? இவற்றுக்குப் பதில் இல்லாத இடத்தில் இலாபம் இருக்கட்டும், முதலும் மிஞ்சாது.