தென்னாப்பிரிக்கப் பயணம்

பிற நாட்டு மலையையும் ஆற்றையும் கண்டவனுக்கே தன் நாட்டு மலை, ஆறுகளின் இயல்பு தெளிவாகப் புலப்படும். சேர்வராயன் மலையையும் கொல்லிமலையையும் நாள்தோறும் காணும் சேலம், நாமக்கல் மாவட்டத்து மாணவர்கள், ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்கோடியில் உள்ள தென்னாப்பிரிக்காவைச் சுற்றிப் பார்ப்பின் காணத்தக்கவை பலவாகும். இயற்கை வளத்தோடு நம் முன்னோர் சிந்திய வியர்வையின் சுவடுகளும் அங்கே உண்டு. அவற்றை முறையே காண்போம்.

அந்நாடு நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே அமைந்துள்ளது. ஆதலின் அங்குப் பருவங்கள் நமக்கு மாறாக வரும். சேலத்தில் மார்கழிப் பனி பெய்யுங்கால் அங்குக் கோடை. இங்கு ஆடிக்காற்று வீசுங்கால் அங்குக் குளிர்காலம்.

இந்தியப் பெருங்கடலின் கரையில் டர்பன் என்னும் துறைமுக நகரம் விளங்குகிறது. சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல், 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் 342 பேரைக் கொணர்ந்து இங்கே சேர்த்தது. கரும்புத் தோட்டங்களில் ஐந்தாண்டு உழைப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்ட ஏழை மக்கள் அவர்கள். 1911-ஆம் ஆண்டு வரை இங்ஙனம் சென்ற இந்தியர் ஏறத்தாழ 1,52,000 பேர். அவருள் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர். ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே தங்க விரும்பியோர் ஆண்டுதோறும் மூன்று பவுன் வரி செலுத்த வேண்டும் என்று 1895-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் பிறந்தது. கூலியாட்களுக்கு அது தாங்கொணாச் சுமையாயிற்று. எனினும் அவர்கள் ஊன்றி நின்று வாழ்ந்தனர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் தைப்பூசத்தன்று அங்கே காவடி எடுக்கின்றனர்.

டர்பனிலிருந்து உள்நாடு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்னும் நிலையம் உள்ளது. முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்தும், நிறத்தைக் காரணங்காட்டிக் காந்தியடிகளை இரவில் வண்டியினின்று இறக்கிவிட்டது இவ்விடத்தில்தான். அது நிகழ்ந்தது 1893-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள்.

அங்கிருந்து மேற்கே நோக்கின், டிராகன்ஸ்பர்க் மலைத்தொடர் கோட்டை மதில்போல் எழுந்து நிற்கும். இதன் உயர்ந்த சிகரங்கள் சேர்வராயன் மலையைப்போல் இருமடங்கிற்கும் மேற்பட்ட உயரமுடையன. டுகேலா அருவி இங்கே 948 மீட்டர் உயரத்திலிருந்து பல படிகளாக வீழ்கிறது. பண்டைக்காலத்தில் இங்கு வாழ்ந்த சான் மக்கள் வரைந்த ஓவியங்களும் மலைக்குகைகளில் காணப்படுகின்றன.

ஆரஞ்சு ஆறும் இம்மலைப்பகுதியிலேயே, லெசோத்தோ நாட்டில் பிறக்கிறது. அருகில் கிழக்கே உள்ள இந்தியப் பெருங்கடலை நாடாமல், மேற்கே ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் ஓடி அட்லாண்டிக் பெருங்கடலில் கலக்கிறது. இதற்குக் காரணம் என்னை? மலைத்தொடர் கிழக்கே செங்குத்தாகவும் மேற்கே மெல்லச் சரிந்தும் அமைந்திருப்பதேயாகும். மோகனூரில் நாம் காணும் காவிரியும் இத்தகையதே. மேலைக்கடலுக்கு அணித்தாகக் குடகில் தோன்றியும், நிலம் சரியும் திசை நோக்கிக் கிழக்கே ஓடி வங்கக்கடலை அடைகிறது. இரண்டு ஆறுகளும் திசையால் மாறுபட்டன, இயல்பால் ஒன்றுபட்டன.

மலைத்தொடருக்கு வடமேற்கே ஜோகன்னஸ்பர்க் உள்ளது. 1886-ஆம் ஆண்டில் பொன் கண்டெடுக்கப்பட்டதால் தோன்றிய மாநகரம் இது. தில்லையாடியை முன்னோர் ஊராகக் கொண்ட வள்ளியம்மை 1898-இல் இங்கே பிறந்தாள். இந்தியருக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை எதிர்த்து அறப்போரில் ஈடுபட்டுச் சிறை சென்றாள். ஆங்கே நோயுற்று, விடுதலையான சின்னாட்களில், 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் உயிர் துறந்தாள். அவ்வாண்டிலேயே மூன்று பவுன் வரி நீக்கப்பட்டது.

நாட்டின் வடகிழக்கில் குரூகர் தேசியப் பூங்கா பரந்து கிடக்கிறது. 1926-இல் தேசியப் பூங்காவான இதன் பரப்பு 19,000 சதுரக் கிலோமீட்டருக்கும் மேலாகும். சேலம், நாமக்கல் மாவட்டங்கள் இரண்டையும் சேர்த்தாலும் இதன் பாதியளவுக்கு எட்டா. இங்கே விலங்குகள் உரிமையுடன் உலவும். மனிதர் வண்டிக்குள் அடங்கியிருந்து காண்பர். ஆப்பிரிக்க யானையின் காதுகள் நம் நாட்டு யானையின் காதுகளினும் பெரியன. பிடிக்கும் நீண்ட தந்தம் உண்டு. சிங்கம், சிறுத்தை, ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, நீர்யானை ஆகியன இங்கே வாழ்கின்றன. புலி மட்டும் இல்லை. காண்டாமிருகத்திற்கு இரண்டு கொம்புகள் உண்டு. நம் நகத்தில் உள்ள பொருளாலேயே ஆன அக்கொம்பிற்காக அதனைக் கள்ளத்தனமாகக் கொல்வோர் இன்றும் உளர்.

விலங்கைக் காக்கும் இவ்விடத்திலும் மாந்தருக்குத் தீங்கு நேர்ந்ததுண்டு. பூங்காவின் வடபகுதியில் வாழ்ந்த மக்குலேக்கே மக்கள் 1969-இல் வெளியேற்றப்பட்டனர். 1998-இல் நிலத்தை மீட்டுப் பெற்ற பின்னரும், அவர்கள் அதனை விலங்குகளுக்கே விட்டுவைத்தனர். அவர்தம் பெருந்தன்மை போற்றத்தக்கது.

பயணத்தின் முடிவில் தென்மேற்கு மூலையில் கேப் டவுன் நகரை அடைகிறோம். நகருக்குப் பின்னே 1,086 மீட்டர் உயரமுள்ள மேசை மலை, உச்சி தட்டையாக நிற்கிறது. தென்கிழக்குக் காற்று வீசுங்கால் வெண்மேகம் அதன்மீது விரிப்புப் போலப் படியும். எதிரே கடலில் ராபன் தீவு உள்ளது. நெல்சன் மண்டேலா தம் 27 ஆண்டுச் சிறைவாழ்வில் 18 ஆண்டுகளை அங்கே கழித்தார்.

அந்நாளில் கடற்கரையிலும் பூங்கா இருக்கையிலுங்கூட நிறத்திற்கு ஏற்ப இடம் வகுக்கும் சட்டம் இருந்தது. 1953-இல் இயற்றப்பட்ட அது 1990-இல் நீக்கப்பட்டது. நிறவேற்றுமையைக் கண்டித்து இந்தியா 1946-இல் அந்நாட்டுடன் வாணிகத்தை நிறுத்தியது. 1993-இல்தான் தூதுறவு தொடங்கிற்று. 1994-இல் மண்டேலா குடியரசுத் தலைவரானார்.

மலையும் கடலும் அன்றும் அழகாகவே இருந்தன. அவ்வழகை அனைவரும் ஒருங்கே துய்க்கும் உரிமைதான் இல்லை. அவ்வுரிமைக்கு வள்ளியம்மை போன்றோர் தந்த விலை பெரிது. ஆதலின் ஒரு நாட்டிற்குச் செல்வோர் அதன் மலைவளத்தையும் நகர்வளத்தையும் கண்டு மகிழ்வதோடு, அவற்றின் பின்னே நிற்கும் உழைப்பையும் துன்பத்தையும் உணர்ந்து வருதல் வேண்டும். அங்ஙனம் உணர்ந்து வருவதே பயணத்தின் பயனாகும்.