விடுதித் தொழில்: அடுப்படிக்கு அப்பால்

தமிழில் ‘ஹோட்டல்’ என்றால் சாப்பிடும் இடம். தங்கும் இடத்துக்கு ‘லாட்ஜ்’ என்று தனிப் பெயர் வைத்திருக்கிறோம். திருவல்லிக்கேணிக்காரர்களைக் கேட்டால் ‘மேன்ஷன்’ என்பார்கள். பிள்ளைகளை ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்க வைக்கலாமா என்று யோசிக்கும் நம்மவர்களை இந்தச் சொல் வழக்கே பாதி குழப்பிவிடுகிறது. “ஏன் சார், மூணு வருஷம் படிச்சிட்டு தோசை வார்க்கவா போறான்?” என்று சங்கத்து அன்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். மும்பை ஹோட்டல்களில் வரவேற்பு மேசையிலும் அறைப் பராமரிப்பிலும் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

தோசை வார்ப்பதில் இழுக்கு ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் படிப்பில் சமையல் என்பது நான்கு துறைகளில் ஒன்றுதான். மற்றவை பரிமாறுதல், வரவேற்பு (ஃப்ரன்ட் ஆபீஸ்), அறைப் பராமரிப்பு (ஹவுஸ்கீப்பிங்). தங்கும் ஹோட்டல்களில் லாபத்தின் பெரும்பகுதி அறைகளிலிருந்தே வருகிறது. ஒவ்வொரு தட்டு இட்லிக்கும் புதிதாக அரிசி, உளுந்து, ஆள் கூலி என்று செலவு உண்டு. அறை அப்படியல்ல. கட்டி முடித்த பிறகு, ஒருவர் தங்குவதால் கூடும் செலவு சலவை, சோப்பு, மின்சாரம், துப்புரவுக்கான நேரம், இவ்வளவுதான்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. மீந்த இட்லி மறுநாள் உப்புமா ஆகும். இன்று இரவு பூட்டிக் கிடந்த அறையை நாளைக்கு என்ன செய்வது? அந்த இரவின் வாடகை போனது போனதுதான்.

ஆகவே கணக்கு முக்கியம். 100 அறைகள் உள்ள ஹோட்டலில் 70 அறைகளை 5000 ரூபாய் வீதம் விற்றால் வரவு 3,50,000. வாடகையை 4000 ஆகக் குறைத்து 90 அறைகளை விற்றால் 3,60,000. இரண்டாவதுதான் மேல் என்று தோன்றும். பத்தாயிரம் அதிகம்தான், ஆனால் 20 அறைகளைக் கூடுதலாகச் சுத்தம் செய்ய வேண்டுமே! ஓர் அறைக்கு 500 ரூபாய்க்கு மேல் செலவானால் அந்த லாபம் காற்றில் போய்விடும். மறுபுறம், கூடுதலாக வந்தவர்கள் கீழே உணவகத்தில் சாப்பிடுவார்களா என்பதையும் பார்க்க வேண்டும். இந்த முடிவை தினமும் எடுப்பதுதான் மேனேஜ்மென்ட். கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு சிரிப்பது மட்டுமல்ல.

அறைப் பராமரிப்பை நம்மவர்கள் ‘பெருக்குற வேலை’ என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஒரு பணியாளர் எட்டு மணி நேர ஷிப்டில் 14, 15 அறைகளை முடிக்க வேண்டும். ஓர் அறைக்கு அரை மணி நேரம்கூடத் தேறாது. விரிப்பில் ஒரு செட் கட்டிலில், ஒரு செட் சலவையில், ஒரு செட் அலமாரியில் என்று குறைந்தது மூன்று வேண்டும். சலவைக்கு அனுப்பிய வண்டி ஒரு நாள் வராவிட்டால் வரவேற்பில் விருந்தாளி பெட்டியோடு காத்து நிற்பார். இதையெல்லாம் முன்கூட்டியே கணக்கிட்டு நடத்துபவர் எக்ஸிக்யூட்டிவ் ஹவுஸ்கீப்பர். பொறுப்பான பதவி அது.

இரவு ஷிப்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நள்ளிரவுக்குப் பிறகு அன்றைய வரவு செலவு முழுவதையும் சரிபார்த்து முடிப்பார்கள், ‘நைட் ஆடிட்’ என்று பெயர். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும், அதுவும் வரவேற்பு மேசையின் பொறுப்பு. ஆறு மாதம் இரவில் உட்கார்ந்த பையனுக்கோ பெண்ணுக்கோ ஹோட்டல் முழுவதும் அத்துப்படி. பெண் பிள்ளைகளின் பெற்றோர் வீடு வரை வண்டி உண்டா என்று வேலையில் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். தீபாவளிக்கு லீவு கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

படிப்பு எங்கே? 1982ல் தொடங்கிய தேசிய ஹோட்டல் மேனேஜ்மென்ட் கவுன்சில் நொய்டாவில் இருக்கிறது. நாடெங்கும் உள்ள அரசுக் கல்லூரிகள் அதன் கீழ் இயங்குகின்றன. நம் தாதரில் உள்ள கல்லூரி 1954லேயே வந்தது. சென்னையில் தரமணியில் ஒன்று இருக்கிறது. பிளஸ் டூவில் எந்தப் பிரிவானாலும் சரி, ஆங்கிலம் ஒரு பாடமாக இருக்க வேண்டும். நுழைவுத் தேர்வை 2019 முதல் தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. கணக்கு, தர்க்கம், பொது அறிவு, ஆங்கிலம், இந்தத் தொழிலுக்கான மனப்பாங்கு ஆகியவற்றில் கேள்விகள் வரும். பி.எஸ்ஸி. மூன்று ஆண்டு. அதில் சில மாதங்கள் ஹோட்டலிலேயே பயிற்சி.

அந்தப் பயிற்சியில்தான் தனியார் கல்லூரிகள் சில ஏமாற்றுகின்றன. எங்கள் உறவுப் பையன் ஒருவன் லட்சக்கணக்கில் கட்டிப் படித்தான். பயிற்சி என்ற பெயரில் கல்யாண மண்டபங்களில் தட்டு தூக்கியதுதான் மிச்சம். கல்லூரியின் பெயர் வேண்டாம். பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம், போன வருஷம் பயிற்சிக்கு எந்த ஹோட்டல்களுக்கு அனுப்பினீர்கள், நான்கு துறையிலும் மாற்றி மாற்றி வைத்தார்களா என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். பதில் மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். முடிந்தால் அங்கே இறுதியாண்டு படிக்கும் பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள்.

சம்பளம் ஆரம்பத்தில் குறைவு, கம்ப்யூட்டர் வேலையோடு ஒப்பிட்டால் மனசு கஷ்டப்படும். நாலைந்து வருஷம் தாக்குப்பிடித்தவர்கள் மேலே போகிறார்கள். ஹோட்டல் பிடிக்காவிட்டால் மருத்துவமனை, விமான நிறுவனம், கம்பெனி விருந்தினர் மாளிகை என்று வேறு வாசல்களும் உண்டு.

நம் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு முதல் இருக்கிறது. பரேலில் டாடா மருத்துவமனைக்குச் சிகிச்சைக்காக ஊரிலிருந்து வருபவர்கள், இந்தி தெரியாமல் லாட்ஜ் வாசலில் தவிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் பேசி வளர்ந்த பிள்ளை வரவேற்பு மேசையில் இருந்தால் அவர்களுக்கு எத்தனை ஆறுதல்! பிளஸ் டூ பரீட்சை முடிந்த விடுமுறையில், தெரிந்த லாட்ஜ் ஒன்றில் ஒரு மாதம் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். காலையிலேயே போகட்டும். அறையைக் காலி செய்பவர்களும் புதிதாக வருபவர்களும் மேசையில் மோதிக்கொள்ளும் நேரம் அதுதான்.